வாணலிக்குப் பின்னால் ஒரு கூண்டு

குவோப்பியோ,
மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வென்லா,

இங்கே அப்பாவும் நானும் நலம், அங்கே உன் உடம்பும் மாப்பிள்ளை ரோரியின் உடம்பும் நலந்தானே என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்டுவிட்டேன். ஆனால் நலம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அப்பா நலம்தான், ஏரி இன்னும் உறைந்தே கிடப்பதால் தினமும் போய்ப் பனியில் துளை போட்டு உட்கார்ந்துவிடுகிறார், கிடைக்கிற மீனெல்லாம் விரல் நீளம், அதைச் சுத்தம் செய்வது நான். நான்தான் அவ்வளவு நலமில்லை. காய்ச்சல் இல்லை, முட்டிவலி கூட இந்த மாதம் பரவாயில்லை, பயப்படாதே. மனசுதான் சரியில்லை. போன வாரம் நீ செய்தி அனுப்பிக் கேட்டாயே, "அம்மா, அந்தப் பல் டாக்டரோட கமெண்ட்டை எதுக்குத் திரும்பப் போடச் சொல்றே, அது திட்டுதானே, நம்ம குழுவுல திட்டு கூடாதுன்னு நீதானே சொன்னே" என்று. கேள்வி கேட்டாலும் நான் சொன்னபடி போட்டுவிட்டாய், அதற்கு நன்றி. காரணத்தைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் சொன்னால் நடுவில் சிரித்து, வேறு பேச்சுக்குத் தாவி, கடைசியில் நல்லவளாக வெளியே வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பேப்பரில் அப்படித் தப்பிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ அந்த இணையதளத்தை எனக்குக் கட்டிக்கொடுத்தபோது பேர் என்ன வைக்கலாம் என்று கேட்டாய், நான் யோசிக்காமல் "அடுப்பில் காப்பி இருக்கு" என்று சொன்னேன், இங்கே யாரையும் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுவதே அப்படித்தானே. பச்சைக் காப்பிக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கிற கிறுக்கர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும் என்று நினைத்தேன். அப்பாவைப்போல் கடைப் பாக்கெட்டே கதி என்று இருப்பவர்கள் நடுவில் எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. அவர் இன்னும் மாறவில்லை, போன வாரம் கூட என் வறுவலை ஒரு வாய் குடித்துவிட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சிர்க்கா, இதுல எலுமிச்சம்பழம் ஏதும் விழுந்துடுச்சா" என்று கேட்டார். நாலு பேர் நாற்பது ஆனார்கள், பிறகு ஆயிரத்தையும் தாண்டிவிட்டார்கள், அதற்குக் காரணம் வறுவல் இல்லை, மரியாதை என்று எல்லாரும் சொல்வார்கள். மற்ற இடங்களில் புதிதாக வருகிறவன் கருக்கிய கொட்டையைப் படம் போட்டால் சிரிப்பார்கள், நம்மிடத்தில் முதலில் வணக்கம், அடுத்து சமையலறையில் எந்த மூலையில் வறுக்கப் போகிறீர்கள் என்று ஒரு படம், அந்தப் படத்துக்குக் கீழே அன்றைக்கே யாராவது ஒருவர் நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். வந்தவரைக் கூசவைக்கிற வார்த்தை எதுவாக இருந்தாலும் நான் எடுத்துவிடுவேன். எனக்கு அதில் பெருமைதான். பார்லரில் ஒருத்திக்குச் சாயம் ஊறுகிற நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன், களை பிடுங்குவதுபோல் நாலு கமெண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பப் போய்த் தலையைக் கழுவுவேன்.

பிப்ரவரியில் இல்போ என்று ஒருவர் வந்தார். வர்க்கௌஸில் இருக்கிறார், காகித ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஆலையில் ஆட்குறைப்பு நடந்தபோது வெளியே வந்தவர், தனி ஆள். என்ன படம் போட்டார் தெரியுமா, ஒரு குட்டிச் சமையலறை, அடுப்பின்மேல் பளபளவென்று ஒரு புது நான்ஸ்டிக் வாணலி, அதற்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு கூண்டு, கூண்டுக்குள் மஞ்சள் கொண்டை வைத்த ஒரு கிளி. "நானும் சூலோவும் ரெடி" என்று எழுதியிருந்தார். சூலோ என்பது கிளியின் பேர். எல்லாரும் கிளியைப் பார்த்து உருகிவிட்டார்கள், நானும்தான். வெளியே கடுங்குளிர், ஜன்னலைத் திறந்தால் வாணலியில் சூடு நிற்கவில்லை, என்ன செய்ய என்று கேட்டார். நான் எழுதினேன், என் கையாலேயே எழுதினேன் வென்லா, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், வெறும் வாணலியை முதலில் நன்றாகக் காயவிடுங்கள், புகை வந்தால் பயப்படாதீர்கள், வறுக்கிற வீடு என்றால் புகை வரத்தான் செய்யும், தைரியமாக ஆரம்பியுங்கள் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பூவும் வைத்தேன். என் அடுப்புக்கு மேல் புகையை இழுக்கிற மிஷின் இருக்கிறது, அவர் படத்தில் அது இல்லை. அதை நான் பார்க்கவில்லை.

பார்த்தவர் தௌனோ. ஊலுவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும், அவரால் நமக்கு வந்த புகார்கள் கொஞ்சமா. ஆயுசு முழுக்க வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடந்தவர்களிடமே பேசிப் பழகிவிட்டார், அதனால் எதிரில் இருப்பவருக்கும் ஒரு முகம் உண்டு என்பது அவருக்கு மறந்துபோயிற்று. இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவர் எழுதியதை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு இல்போவின் படத்துக்குக் கீழே அவர் எழுதியது, "உங்களுக்கு மூளை இருக்கா? கூண்டைப் பின்னாடி வச்சுக்கிட்டு வெறும் நான்ஸ்டிக் வாணலியக் காயவைக்கப் போறீங்களா? அந்தப் பூச்சு ரொம்பச் சூடானா வர்ற ஆவியில மனுஷனுக்குத் தலைதான் வலிக்கும், பறவை செத்துப்போயிரும். ஜன்னலைச் சாத்தச் சொன்ன மகராசிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்." இவ்வளவுதான். நான் பார்லரில் நின்றுகொண்டு முதல் வரியைப் படித்தேன். மூளை இருக்கா என்பதைப் பார்த்ததுமே விரல் போய்விட்டது. மகராசி என்ற வார்த்தையும் கண்ணில் பட்டது, ஏதோ நம்மையும் குத்தியிருக்கிறான் கிழவன் என்று தெரிந்தது, நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. படிக்கவில்லை என்று சொல்வது கூட எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற சலுகையோ என்னவோ, படித்தும் திட்டு மட்டும் மனசில் நின்றிருக்கலாம். அழித்துவிட்டு, சாயம் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையைக் கழுவப் போய்விட்டேன், அவளுக்குச் சாயம் நன்றாகப் பிடித்திருந்தது.

மறுநாள் மத்தியானம் இல்போ தன் முதல் வறுவலைப் படம் போட்டார். ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கருத்தும் இருந்தாலும் முதல் தடவைக்கு மோசமில்லை. கீழே எழுதியிருந்தார், கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்டதும் சந்தோஷமாகச் சூலோவைத் திரும்பிப் பார்த்தேன், கம்பியிலிருந்து கீழே விழுந்து கிடந்தது, வயசாகியிருக்கும் போல, என்று. வேறு ஒன்றும் எழுதவில்லை. நம் குழு எப்படிப்பட்ட குழு, ஆளாளுக்கு இதயம் வைத்தார்கள், பூ வைத்தார்கள், சொர்க்கத்தில் சூலோ விசிலடித்துக்கொண்டிருக்கும் என்றார்கள். நானும் ஒரு பூ வைத்தேன். வைத்துவிட்டு, எவ்வளவு நல்ல மனுஷர்களைச் சேர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன், அதைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே தௌனோ எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார், "நான் எழுதினது எங்க போச்சு?" என்று. அப்போதுதான் அழித்ததெல்லாம் கிடக்கிற பக்கத்துக்குப் போய் அதை முழுசாகப் படித்தேன். உட்கார்ந்து படித்தேன். அப்பா வந்து மீனை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார், நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எப்போதும்போல என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார், "விடு, நீயா கொன்னே, கம்பெனிக்காரன் வாணலி அட்டைப்பெட்டியிலயே போட்டிருப்பான், படிக்க வேண்டியது அவரு. எல்லாருக்கும் பொதுவா ஒரு எச்சரிக்கை போட்டுரு, முடிஞ்சுபோச்சு" என்றார். எனக்கும் அது நல்ல வழியாகப் பட்டது, பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அன்பான உறுப்பினர்களே, வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் நான்ஸ்டிக் பாத்திரத்தைத் தவிர்த்து இரும்பு வாணலியில் வறுக்கவும், ஜன்னலைத் திறந்து வைக்கவும் என்று தேன் தடவி எழுதினேன். முதல் இதயம் வைத்தது யார் தெரியுமா, இல்போ. கொஞ்ச நேரத்தில் கீழே எழுதினார், "அப்போ சூலோ செத்தது அதனாலதானா? நான்தான் கொன்னுட்டேனா?" என்று. உடனே எல்லாரும் ஆறுதலுக்கு ஓடி வந்தார்கள், இல்லவே இல்லை, உங்களுக்கு எப்படித் தெரியும், நம்மில் யாருக்குமே தெரியாதே என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதினார்கள். யாருக்குமே தெரியாதே என்பதைப் படித்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன் வென்லா. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்த மனுஷர் தலையிலிருந்து பாரம் இறங்கியிருக்கும். ஒரு நாள் முழுக்க எழுதவில்லை. குழு கலைந்துவிடுமோ, அட்மின் இப்படியா என்று பேசுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தௌனோவும் வாயைத் திறக்கவில்லை, அவர் நினைத்திருந்தால் ஒரே வரியில் என் மானத்தை வாங்கியிருக்கலாம், அதை அவர் செய்யாதது என்னை இன்னும் கூசவைத்தது.

போன வாரச் சனிக்கிழமை, தளத்தில் இல்போ கொடுத்திருந்த விலாசத்தைப் பார்த்து, அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லி வர்க்கௌஸுக்குப் போனேன். அப்பா காரிலேயே இருந்துகொண்டார், "இது உன் வேலை" என்றார், கோபமாக இல்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துப்போயிருந்தேன், படியேறும்போதே அந்தப் பை கையில் அசிங்கமாக இருந்தது. கதவைத் திறந்த இல்போவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, "சிர்க்காவா, நீங்களே வந்துட்டீங்களா, இவ்வளவு தூரம், என் கிளிக்காகவா" என்று சந்தோஷப்பட்டார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னாலேயே தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டார். கூண்டு அதே ஜன்னலோரம் இருந்தது, கதவு திறந்திருந்தது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். காப்பி வந்தது. "இது அந்த முதல் வறுவல்தான், வேற வறுக்க மனசு வரல, இதைத் தூக்கிப்போடவும் மனசு வரல" என்றார். காப்பி வேண்டாம் என்று நம் ஊரில் யார் வீட்டிலாவது சொல்ல முடியுமா, குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை, நிஜமாகவே நன்றாக இருந்தது.

பாதிக் கப்பில் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போனது எதுவும் வரவில்லை, உங்களுக்கு ஒருத்தர் முன்கூட்டியே எச்சரிக்கை எழுதினார், வார்த்தை மோசமாக இருந்தது என்று நான் அதைப் படிக்காமலே அழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். இல்போ கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்ன எழுதியிருந்தாரு, காட்டுங்க" என்றார். போனில் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "மூளை இருக்கான்னு கேட்டிருக்காரு" என்று லேசாகச் சிரித்தார், எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அப்புறம் சொன்னார், "இதைப் படிச்சிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். நீ யாருடா என்னைக் கேக்கன்னு நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். கொடுத்துட்டு, சந்தேகத்துக்கு அந்தக் கூண்டைப் பக்கத்து ரூம்ல கொண்டுபோய் வச்சிருப்பேன். கோபம் ரெண்டு நாள்ல போயிருக்கும், சிர்க்கா." நான் அழுதுவிட்டேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை, அழட்டும் என்று திட்டவும் இல்லை. "அது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப வைங்க, என் படத்துக்குக் கீழ. நீங்க அழிச்சதையும் எழுதுங்க. நாளைக்கு இன்னொருத்தன் கூண்டோட வருவான்" என்றார். கப்பில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தேன். நம் பக்கத்தில் வேண்டாத விருந்தாளிக்குக் கூட இன்னொரு கப் ஊற்றட்டுமா என்று கேட்பார்கள், இல்போ கேட்கவில்லை. ரொட்டிப் பையை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன், அவர் அதை எடுத்துக்கொண்டாரா, எறிந்தாரா என்று தெரியாது.

காரில் வரும்போதுதான் தௌனோ எழுதியதைத் திரும்பப் போடச் சொல்லி உனக்கு அந்த இரண்டு வரியை அனுப்பினேன். நீ போட்ட பிறகு அதற்கு அடியிலேயே, இதை அழித்தது நான், ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் நான், சிர்க்கா என்று எழுதினேன், பூ எதுவும் வைக்கவில்லை. இப்போது தினமும் புகார் வருகிறது, மூளை இருக்கா என்று இருக்கிறதே, இது நம் குழுவுக்கு அழகா, எடுத்துவிடுங்கள் என்று. நான் எடுக்கவில்லை. கொஞ்சம் பேர் விலகிப் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் எனக்கு இதயம் வைக்கிறார்கள், உங்கள் மேல் தப்பே இல்லை என்கிறார்கள், விலகிப் போனவர்களை விட இவர்களைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தௌனோவைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன், அவர், "நீங்க அழிச்சது அன்னிக்கே தெரிஞ்சுது, அப்பவே நான் இன்னொரு தடவை எழுதியிருக்கணும், இல்ல அவருக்குத் தனியாவாவது சொல்லியிருக்கணும். ரோஷம். போங்கடான்னு விட்டுட்டேன். நீங்க மட்டும் எடுத்துக்காதீங்க, அதுல பாதி என்னுது" என்றார். இனி பறவை, குழந்தை, புகை என்று ஏதாவது இருந்தால் அவர் எழுதியதை நான் எடுக்கப் போகும்போது முதலில் முழுசாகப் படி என்று தளமே என்னை நிறுத்திச் சொல்கிறபடி ஏதாவது வழி செய்ய முடியுமா பார். அவர் இதைக் கேட்டுவிட்டு, "என்னை மட்டும் தனியா வைக்காதீங்க, எல்லாரோடதும் முழுசாப் படிங்க, அது போதும்" என்றார். அதுவும் சரிதான்.

இதெல்லாம் எழுதும்போது இன்னொன்றும் தோன்றியது, அதற்காகத்தான் இவ்வளவு நீளம். இலையுதிர் காலத்தில் நீ ஒரு நாள் கூப்பிட்டு, "அம்மா, எனக்கு இங்க எதுவும் பிடிக்கல, ரோரிகிட்ட பேசவே பயமா இருக்கு" என்று ஆரம்பித்தாய். நான் உடனே, எல்லாம் சரியாகிவிடும் கண்ணே, இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, அப்பா வழுக்கி விழுந்த கதையைக் கேளு என்று போய்விட்டேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்கு அம்மா என்றுதான் சொல்கிறாய், நானும் அதற்கு மனசுக்குள் ஒரு பூ வைத்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். அன்றைக்கும் நான் முதல் வரிதான் கேட்டேன் வென்லா. பயமாக இருக்கிறது என்றாயே, என்ன பயம் என்று நான் கேட்கவே இல்லை. பார்லரில் நின்ற அதே ஆள்தான் அன்றைக்கும் உன்னிடம் பேசியது. நான் கெட்டவள் இல்லை என்று அப்பா சொல்கிறார், எனக்கும் தெரியும், ஆனால் யாரும் கோபப்படாமல் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிற ஆள். கூண்டைப் பார்க்காத ஆள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், இங்கே குளிர் முடியும்போதுதான் பூமியின் தென்கோடியில் உங்களுக்குக் குளிர் வரப்போகிறது, வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொள். பச்சைக் கொட்டை அனுப்பவில்லை, உங்கள் ஊர் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். நீ நான்ஸ்டிக்கில் எதையும் வறுக்கவில்லையே, சும்மா கேட்டேன். அப்பா உனக்கு ஒரு பெரிய மீன் பிடித்த படம் அனுப்புவார், அது அவருடைய மீன் இல்லை, பக்கத்துத் துளைக்காரருடையது, சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நீ போகிற வழியில் உனக்கு உண்மை சொல்கிற ஒரு ஆளாவது கூட இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

பதில் எழுது, நல்லா இருக்கு என்று மட்டும் எழுதாதே. நல்லா இல்லை என்றால் அதை எழுது. என்மேல் கோபம் இருந்தால் அதையே முதலில் எழுது, எனக்கு மூளை இருக்கா என்று கூடக் கேள். முதல் வரி எப்படி இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

உன் அம்மா,
சிர்க்கா